பழைய .22 ரைஃபிள் சிதறுகிறதா? ஓட்டைகளைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கலாம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய .22 டார்கெட் ரைஃபிளும் (.22 என்பது அங்குலத்தில் குழலின் அளவு) அப்படித்தான். விற்றவர் "நல்லாத்தான் சுட்டுக்கிட்டிருந்தது" என்பார். வாங்கியவர் ரேஞ்சுக்குப் போய்ப் பத்துத் தோட்டா சுட்டுவிட்டு "பேரல் போயிடுச்சு" என்பார். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் தப்பாகத்தான் இருக்கும்.

என்னிடம் இருப்பது அன்ஷூட்ஸ் கம்பெனியின் 1813 என்ற மாடல். மேற்கு ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் செய்தது; ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடும் போல்ட் ரைஃபிள். இந்த ஜெர்மன் ரைஃபிள்களின் வயதைப் பேரலிலேயே (குழலிலேயே) படிக்கலாம். சோதனை முத்திரைக்குப் பக்கத்தில் (உல்ம் என்றால் மான் கொம்பு) இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1, சி என்றால் 2 என்று போய், ஜேயை மட்டும் விட்டுவிட்டு, கே என்றால் 9. என்னுடையதில் ஐ, சி. அதாவது 82, 1982ஆம் வருடம். மூன்று கை மாறி என்னிடம் வந்தது. முதல் நாள் 50 மீட்டரில் பத்துத் தோட்டாவின் குரூப் (ஓட்டைகள் சிதறிய அகலம்) 27 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். மூன்று மாதம் கழித்து அதே ரைஃபிள், அதே பேரல், 12 மி.மீ. இடையில் நடந்ததைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். இந்தியாவில் .22 ரைஃபிளுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். வாங்கியது லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். அது முடியாமல் கையில் எடுக்காதீர்கள். அப்புறம், கீழே சொல்லும் எந்த வேலையாக இருந்தாலும் போல்ட்டை (தோட்டாவை உள்ளே அடைத்துப் பூட்டும் தண்டு) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

முதலில் ஓர் அளவுகோல்

50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். ஆக, மையத்துக்கு மையம் 16 மி.மீ. அகலமுள்ள குரூப்பைச் சரியாக நடுவில் வைத்தால் எல்லாம் பத்துதான். இதுதான் நம் கோடு. நல்ல மேட்ச் தோட்டாவோடு பத்துத் தோட்டா குரூப் 10 முதல் 13 மி.மீ. வந்தால் ரைஃபிள் ஆரோக்கியம். 16ஐத் தாண்டினால் தேட வேண்டும். மலிவான பயிற்சித் தோட்டாவில் 20 வந்தால் ரைஃபிளைத் திட்டாதீர்கள்.

ஐந்து தோட்டா சுட்டு முடிவுக்கு வருவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அதே ரைஃபிள், அதே தோட்டா, எதுவுமே மாறவில்லை என்றாலும் பத்துத் தோட்டா குரூப் ஐந்து தோட்டா குரூப்பைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகத்தான் வரும். நேற்று ஐந்து சுட்டு 9 மி.மீ., இன்று பத்து சுட்டு 11 மி.மீ. என்றால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. நான் செய்வது இது: காற்று எழும்புவதற்கு முன், காலை ஏழு மணிவாக்கில், மணல் பைமேல் வைத்து, பத்துப் பத்தாக நான்கு குரூப். நான்கையும் ஒரே டிரேசிங் பேப்பரில் குறி மையத்தைப் பொருத்தி வைத்துப் பென்சிலால் ஒற்றி எடுத்தால் நாற்பது ஓட்டைகளின் படம் ஒன்று கிடைக்கும். அந்தப் படத்தின் வடிவம்தான் நோயைச் சொல்லும். எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கும் ரேஞ்சில் இந்த வேலை மிச்சம்.

பையின் இடத்தையும் பென்சிலால் ஸ்டாக்கில் (ரைஃபிளின் மரக்கட்டையில்) குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குரூப்புக்குப் பை முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று போனால் ஓட்டையும் இடம் மாறும். பேரலைப் பைமேல் வைக்கவே கூடாது. தோளில் அழுத்துவதும் கன்னம் வைப்பதும் ஒரே மாதிரி இருக்கட்டும். இந்த நீளப் பேரலை விட்டுக் குண்டு வெளியேறவே இரண்டு, மூன்று மில்லி செகண்ட் ஆகிறது. விசையை இழுத்தவுடன் தலையைத் தூக்கிப் பார்ப்பவருக்கு எந்த ரைஃபிளும் சிதறத்தான் செய்யும்.

கண்ணின் குறையை ரைஃபிள் தலையில் கட்டாமலிருக்க, சோதனைக்கு மட்டும் ஒரு டெலஸ்கோப் மாட்டிக்கொள்வது உத்தமம். இந்த ரைஃபிள்களின் மேல் 11 மி.மீ. தண்டவாளம் இருக்கும், மவுண்ட் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த ஸ்கோப் 50 மீட்டருக்குப் பேரலாக்ஸ் சரிசெய்யக் கூடியதாக இருக்க வேண்டும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகள் பல 100 கெஜத்துக்கு நிலைப்படுத்தியவை. கண் கொஞ்சம் நகர்ந்தால் குறியும் நகரும். தலையை மெல்ல ஆட்டிப் பாருங்கள். குறுக்குக் கோடு டார்கெட்டின் மேல் நீந்தினால் அந்த ஸ்கோப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஸ்க்ரூவையும் முறுக்கி, தோட்டாவையும் மாற்றி, பேரலையும் துடைத்துவிட்டுக் குரூப் சரியானால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி: எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறல்

வட்டமான, ஆனால் பெரிய குரூப். என் ரைஃபிள் காட்டியது இதைத்தான். இதற்கு இரண்டு பெரிய காரணங்கள், ஒரு சின்னக் காரணம்.

முதல் காரணம் தோட்டா. .22 பேரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு உண்டு. பெட்டியில் இருக்கும் பெயரைவிட லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) முக்கியம். ஒரே பெயர், ஒரே விலை, இரண்டு லாட். ஒன்று 12 மி.மீ., இன்னொன்று 18 மி.மீ. சுடும். தோட்டாக் கம்பெனிகளான லாபுவாவும் ஈலியும் ரைஃபிளைக் கொண்டு வந்தால் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சோதனை ரேஞ்சுகளை நடத்துவது இதற்காகத்தான். லாபுவாவுக்கு ஜெர்மனியின் ஷோனெபெக்கில், ஈலிக்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கம். நமக்கு அவ்வளவு தூரம் போகக் கட்டாது. ரேஞ்சில் நான்கு பேரிடம் ஆளுக்கு ஒரு பெட்டி கைமாற்றாக வாங்கி, லாட் எண்ணை எழுதி வைத்துச் சுட்டுப் பார்க்கலாம். பிடித்த லாட் கிடைத்தால் காசு இருக்கும்வரை அதையே வாங்கி அடுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. .22 ஈயக் குண்டுக்கு வெளியே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். ஒரு கம்பெனித் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பேரலுக்குள் பழைய பூச்சு போய்ப் புதுப் பூச்சு படிய வேண்டும். பதினைந்து, இருபது தோட்டா சும்மா சுட்டுத் தள்ளிவிட்டு அப்புறம் எண்ணத் தொடங்குங்கள். மாற்றியவுடன் வரும் முதல் குரூப்பைப் பார்த்து நல்ல தோட்டாவை ஒதுக்கியவர்கள் நிறைய. நானும் ஒதுக்கியிருக்கிறேன்.

லாட் மாற்றியதில் என் 27 மி.மீ., 21 ஆனது. நல்ல செய்திதான், போதாது.

இரண்டாவது காரணம் சேம்பர் முனையில் உட்காரும் கரி வளையம். பழைய ரைஃபிளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தோட்டாவின் பித்தளை உறை எங்கே முடிகிறதோ, அதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு வெடிப்பிலும் எரிந்த மருந்தும் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் கலவை) கசடும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். வருடக்கணக்கில் சுரண்டாமல் விட்டால் இட்லிப் பானை அடியில் படியும் உப்பு மாதிரிக் கெட்டியாகும். குண்டு பேரலுக்குள் நுழையும் வாசலே இடுக்காகிவிடுகிறது. மெல்லிய ஈயக் குண்டு அதில் உரசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நசுங்கிக் கிளம்பும்.

இதைக் கையாலேயே உணரலாம். சேம்பர் பக்கமிருந்து கம்பியில் இறுக்கமான துணி ஒன்றைத் தள்ளுங்கள். சேம்பரைத் தாண்டும் இடத்தில் ஒரு பிடி, அப்புறம் சட்டென்று ஒரு விடுதலை. அந்தப் பிடிதான் வளையம். போனில் மாட்டும் சின்ன போர்ஸ்கோப் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதில் பார்த்தால் பளபளப்பான எஃகுக்கு நடுவே கறுப்பு மோதிரம் போட்டது போலத் தெரியும்.

எடுக்கும் முறை இது. பேரல் நுனி கொஞ்சம் கீழே சரிந்திருக்குமாறு ரைஃபிளை வைத்துக்கொள்ளுங்கள், கரைசல் விசைப் பெட்டிக்குள் இறங்கக் கூடாது. போர் கைடு (துடைக்கும் கம்பியை நேராக உள்ளே விடும் குழாய்) போட்டு, கரியைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியைச் சேம்பர் முனைவரை கொண்டுபோய் வைத்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு புது வெண்கல பிரஷ் ஒன்றைக் குட்டைக் கம்பியில் மாட்டி, அதே இடத்தில் வைத்து விரலால் பத்துப் பன்னிரண்டு சுற்று. முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம், சுற்றினால் போதும். துடைத்துப் பாருங்கள். எனக்கு முதல் துணி வந்தபோது அடுப்புக்கரியைத் துடைத்தது போலிருந்தது. மூன்று முறை இப்படி ஊறவைத்துச் சுற்ற வேண்டியிருந்தது. அவசரப்பட்டுத் தேய்க்கும் பேஸ்ட்டை எடுக்காதீர்கள். கரியோடு பேரலின் வாசலும் தேய்ந்துபோனால் திரும்ப வராது. சுத்தம் செய்தபின் இருபது தோட்டா பழக்கிவிட்டுச் சுட்டேன். 14 மி.மீ.

அந்த "பேரல் போயிடுச்சு" பேச்சு அன்றோடு முடிந்தது.

சின்னக் காரணம் பேரல் நுனி. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. அதில் ஒரு சின்னச் சொட்டை இருந்தாலும் வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். பழைய ரைஃபிளை முன்பக்கமிருந்தே கம்பி விட்டுத் துடைத்தவர்கள் அந்த விளிம்பைத்தான் தேய்த்திருப்பார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே கொஞ்சம் விட்டு, விளிம்பை உரசியபடி வெளியே இழுங்கள். சுற்றிலும் எட்டுப் பத்து இடத்தில் செய்யுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நின்றால் அங்கே சொட்டை. இதை ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) லேத்தில் போட்டுப் புதிதாக வெட்டித் தருவார், பெரிய செலவில்லை. துளையிடும் மெஷினும் பித்தளை ஸ்க்ரூவும் வைத்து வீட்டிலேயே செய்யலாம் என்று வீடியோ போடுகிறவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

அறிகுறி: மேலும் கீழுமாக நீளும் குரூப்

இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். மேட்ச் .22 குண்டு ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவாக, நொடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டர் போவதற்குள் பேரல் நேர்கோட்டிலிருந்து 12 செ.மீ. போல இறங்கிவிடும். வேகத்தில் 10 மீட்டர் வித்தியாசம் வந்தால் டார்கெட்டில் 7, 8 மி.மீ. உயரம் மாறும். பத்தாவது வளையத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. ஆகவே மேல் கீழ் நீட்டத்துக்கு முதல் சந்தேகம் வேக வித்தியாசம்.

வேகம் ஏன் மாறுகிறது? மட்டமான லாட் ஒரு காரணம். ஆனால் பழைய ரைஃபிளில் பலரும் மறப்பது ஃபயரிங் பின், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி. .22 தோட்டாவின் பிரைமர் விளிம்புக்குள் இருக்கிறது. விளிம்பில் பின் ஒரே பலத்தோடு அடித்தால்தான் மருந்து ஒரே மாதிரி பற்றும். நாற்பது வருட ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். அல்லது யாரோ பாசத்தில் போல்ட்டுக்குள் எண்ணெயைக் கொட்டி, அது பிசினாகியிருக்கலாம். என்னுடையதில் இரண்டாவது. போல்ட்டைப் பிரித்தபோது ஸ்பிரிங் நல்லெண்ணெயில் ஊறிய திரி போல ஒட்டிக்கொண்டு வந்தது.

சுட்ட உறைகள் பத்தை வரிசையாக நிறுத்தி வைத்துப் பாருங்கள். பின் பட்ட தடம் எல்லாவற்றிலும் ஒரே ஆழத்தில், விளிம்புவரை தெளிவாக இருக்க வேண்டும். சிலது ஆழம், சிலது மேலோட்டம் என்றால் போல்ட்டைச் சுத்தம் செய்து, எண்ணெய் பெயருக்கு மட்டும் தடவுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். இந்த ரைஃபிளில் நீங்கள் செய்யும் செலவிலேயே மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கட்சி.

தோட்டாவும் பின்னும் சரி என்றால் அடுத்தது ஸ்டாக்கில், பேரலையும் போல்ட்டையும் தாங்கும் உலோக உடலான ஆக்‌ஷன் உட்காரும் விதம். அதை "இரண்டு குரூப்" பகுதியில் சொல்கிறேன். படுத்துச் சுடும்போது மட்டும் மேல் கீழ் நீளுகிறது, பைமேல் வைத்தால் இல்லை என்றால் ரைஃபிளை விடுங்கள். மூச்சும் ஸ்லிங்கின் (கையோடு ரைஃபிளைப் பிணைக்கும் வார்) இறுக்கமும்தான்.

அறிகுறி: இடம் வலமாக நீளும் குரூப்

பெரும்பாலும் காற்று. பக்கவாட்டில் நொடிக்கு 1 மீட்டர் காற்று வீசினால் 50 மீட்டரில் குண்டு 5, 6 மி.மீ. ஒதுங்கும். அந்த வேகக் காற்று முகத்தில் பட்டால்கூடச் சரியாகத் தெரியாது. ஊதுவத்திப் புகை சாய்வதில்தான் தெரியும். அதனால் டார்கெட் பாதையில் இரண்டு இடத்தில் குச்சி நட்டு, மெல்லிய பட்டு ரிப்பன் கட்டுங்கள். ரிப்பன் தொங்கும்போது மட்டும் சுட்டுப் பாருங்கள். நீட்டம் போய்விட்டால் ரைஃபிளுக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது சாய்வு. ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்தால் ஓட்டை 2 மி.மீ.க்குச் சற்று மேல் பக்கவாட்டில் போகும். ஐந்து டிகிரி, கிட்டத்தட்ட 11 மி.மீ. ஒரே சாய்வில் எப்போதும் பிடித்தால் பிரச்சினையே இல்லை, சைட் (குறி பார்க்கும் கருவி) அதைச் சரிக்கட்டிவிடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் சாய்வு மாறுவதுதான் கெடுதல். பழைய ரைஃபிளின் பட் பிளேட்டை (தோளில் பதியும் தகடு) முந்தைய சொந்தக்காரர் தன் தோளுக்குத் திருப்பி வைத்திருப்பார். நம் தோள் அதை எதிர்த்துப் போராடும். அதைத் தளர்த்தி நமக்கேற்ப வைத்தாலே பாதி சரி.

விசையையும் பாருங்கள். இரண்டு கட்ட விசையில் இரண்டாம் கட்டம் எங்கே தொடங்குகிறது என்பது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உள்ளே அழுக்கு, அல்லது யாரோ ஸ்க்ரூக்களைக் கண்டபடி திருகியிருக்கிறார்கள். காலி ரைஃபிளில் போல்ட்டைக் கொஞ்சம் வேகமாக மூடியோ பட் பகுதியை ரப்பர் விரிப்பில் தட்டியோ பார்த்தால் விசை தானாக விடுபடுகிறதா? விடுபட்டால் அன்றைய சோதனை அத்தோடு முடிந்தது. ஆர்மரரிடம் கொடுங்கள். இதில் மட்டும் "நானே பார்த்துக்கிறேன்" வேண்டாம்.

அறிகுறி: ஒரு குரூப் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு

ஆறு ஓட்டை ஓரிடத்தில், நாலு ஓட்டை 15 மி.மீ. தள்ளி, இரண்டும் தனித்தனியாக நல்ல குரூப். இதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் எதுவோ கழன்றிருக்கிறது, தேய்ந்திருக்கவில்லை.

சைட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பின் சைட்டைப் பிடித்து ஆட்டுங்கள். முன் சைட் வளையம் அதன் குழலுக்குள் சுற்றுகிறதா பாருங்கள். பிறகு பெட்டிச் சோதனை: ஐந்து சுட்டு, பின் சைட்டின் திருகை 20 கிளிக் மேலே, ஐந்து, 20 வலது, ஐந்து, 20 கீழே, ஐந்து, 20 இடது, ஐந்து. கடைசி ஐந்தும் முதல் ஐந்தின்மேல் விழ வேண்டும். விழவில்லை என்றால் சைட்டின் மரை தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. புதிது வாங்கும்வரை ஒரு தந்திரம்: கிளிக்கை எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து முடியுங்கள். கீழே இறங்க வேண்டும் என்றால் நான்கு கிளிக் கூடுதலாக இறங்கி, நான்கு ஏறி நில்லுங்கள்.

அப்புறம் ஸ்டாக் ஸ்க்ரூ. ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிடித்து வைத்திருப்பது இரண்டு ஸ்க்ரூ. ரைஃபிளை நிமிர்த்தி நிறுத்துங்கள். ஸ்டாக்கின் முன்நுனியும் பேரலும் சேரும் இடத்தில் ஒரு விரலை இரண்டையும் தொட்டபடி வைத்துக்கொண்டு, முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தி மறுபடி முறுக்குங்கள். விரலுக்கடியில் பேரல் நகர்வது தெரிந்தால் ஆக்‌ஷன் கட்டையில் சமமாக உட்காரவில்லை, வளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. பின் ஸ்க்ரூவுக்கும் அதேபோல. நகர்வு தெரிகிறது என்றால் எபாக்சி பெட்டிங் (கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளியை நிரப்பும் பசைப் படுகை) போட வேண்டும். அது பழகியவர் வேலை. ரிலீஸ் ஏஜெண்ட் (பசை ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூச மறந்து ரைஃபிளையும் கட்டையையும் ஒன்றாக ஒட்டியவரை எனக்குத் தெரியும்.

நகர்வு இல்லை என்றால் முறுக்கின் அளவை மட்டும் பாருங்கள். கம்பெனி சொன்ன அளவு கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் மரக்கட்டைக்கு 4 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, அரை அரையாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு பத்துக் குரூப். 5ஐத் தாண்டி மரத்தை நசுக்காதீர்கள். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. கை அளவு நாளுக்கு நாள் மாறும். என் ரைஃபிளில் முன் ஸ்க்ரூ 2க்குக் கீழே இருந்தது. 4.5இல் வைத்தபோதுதான் அந்த 14 மி.மீ., 12 ஆனது.

நம் ஊர் விஷயம் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பும். பங்குனி, சித்திரையில் வற்றும். அதோடு ஸ்க்ரூவின் பிடியும் மாறும். கோடையில் 4.5இல் வைத்ததை மழைக்காலத்தில் மறுபடி அளந்து பாருங்கள். கட்டையின் பேரல் பள்ளத்தில் ஒரு தாளை மடித்து நுழைத்து முன்னிருந்து பின்வரை இழுங்கள். மழைக்காலத்தில் எங்காவது மாட்டினால் உப்பிய மரம் பேரலைத் தொடுகிறது.

அறிகுறி: எட்டு ஒன்றாக, இரண்டு எங்கேயோ

தோட்டாவைப் போடும்போது கவனியுங்கள். குண்டின் மூக்கு சேம்பர் விளிம்பில் உரசுகிறதா? சுடாமல் ஒரு தோட்டாவை உள்ளே விட்டு, ரேஞ்சில் குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு, மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். ஈயத்தில் பேரலின் உள்வரிகள் பதிந்த தடம் சுற்றிலும் மெல்லியதாக, சமமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கீறல் என்றால் சேம்பர் விளிம்பில் பிசிர். பழைய ரைஃபிளில் தோட்டா இல்லாமல் சும்மா விசையை இழுத்து விளையாடியவர்கள் இருந்தால், ஃபயரிங் பின் அந்த விளிம்பில் அடித்து அடித்து எஃகைப் பிதுக்கியிருக்கும். தோட்டா சில கோணத்தில் இறுக்கமாகவும் சில கோணத்தில் லேசாகவும் போகும். ஆர்மரர் சேம்பர் அயர்ன் வைத்துப் பிதுங்கியதைத் திரும்ப அழுத்திவிடுவார். அரம் எடுக்காதீர்கள்.

இதெல்லாம் இல்லை என்றால் லாட்டில் சில தோட்டா அப்படித்தான். விலை குறைந்த பெட்டியில் ஐம்பதுக்கு இரண்டு வழி தவறுவது அதிசயமில்லை.

அறிகுறி: ஆரம்பம் நன்றாக, போகப் போக மோசம்

நாற்பது, ஐம்பது தோட்டா கழித்துக் குரூப் விரிந்தால், பேரல் வாசலில் ஈயமோ கரியோ சீக்கிரம் சேர்கிறது. பேரலுக்குள் சொரசொரப்பு இருக்கிறது என்று அர்த்தம்; பழைய துருவின் தடமாக இருக்கலாம். அடிக்கடி துடைத்துச் சமாளிக்கலாம். மாறாக, சுத்தம் செய்த பிறகு முதல் பத்து மோசம், அப்புறம் நன்றாக என்றால் அது கோளாறே இல்லை. வெயிலில் வைத்த பெட்டியும் இப்படி ஏமாற்றும்: மெழுகு இளகி, மருந்து சூடாகி, ஓட்டைகள் மேலே ஏறிக்கொண்டே போகும். தோட்டாவைக் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அறிகுறி: குரூப் நன்று, இடம் மட்டும் தினம் மாறுகிறது

சைட்டும் ஸ்டாக் ஸ்க்ரூவும் சரி என்று ஏற்கனவே பார்த்துவிட்டீர்கள் என்றால், மிச்சம் வெளிச்சமும் நீங்களும். மேகம் விலகும்போது முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் சின்னதாகத் தெரியும், குறி மாறும். பின் சைட்டில் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். கன்னக் கட்டையின் உயரத்தைக் குறித்து வைத்து, பயணம் முடிந்து வந்ததும் அதே கோட்டில் நிறுத்துங்கள்.

பேரல் உண்மையிலேயே போயிருந்தால்

.22 பேரல் லேசில் தேயாது. தேய்ந்தால் தொடங்கும் இடம் சேம்பருக்குச் சற்று முன்னால், அடிப்பக்கம், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் திசை. பிரைமர் கலவையில் உள்ள கண்ணாடித் தூள் அங்கேதான் அறுக்கிறது. போர்ஸ்கோப்பில் காய்ந்த குளத்தின் சேறு வெடித்தது போல அந்த ஒரு பட்டை மட்டும் தெரியும். பட்டை குட்டையாக இருந்தால் சில ஆர்மரர்கள் பேரலின் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிப் புதுச் சேம்பர் போட்டுத் தருவார்கள். 1813இல் பேரல் மரையில்லாமல் உள்ளே அழுத்திக் குறுக்கு ஊசிகளால் பிடிக்கப்பட்டது. கழற்றுவது தெரிந்தவர் வேலை. நடுப் பேரலில் துருக் குழி என்றால் புதுப் பேரல்தான் வழி. இறுக்கமான துணியைத் தள்ளும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று தளர்ந்தால் பேரல் அங்கே உப்பியிருக்கிறது, அதற்கும் அதேதான்.

அந்தத் துருக் குழி எப்படி வந்திருக்கும் என்பதற்கு என் ரைஃபிளோடு வந்த பெட்டியே சாட்சி. உள்ளே கெட்டி ஸ்பாஞ்ச். மழையில் நனைந்த ரைஃபிளை அதில் படுக்க வைத்து மூடினால் ஈரம் மாதக்கணக்கில் போகாது. பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். ரேஞ்சுக்குக் கொண்டு போக மட்டும் அதை இறக்குகிறேன். வீட்டில் ரைஃபிள் இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நுனி கீழே பார்க்க நிற்கிறது.